கடற்கரை வீட்டு மாடி ஷெட்: ஜி.ஐ.யா, கால்வல்யூமா, கலர் ஷீட்டா?

9 ஜூன் 2024 (கேள்வி)

மணப்பாட்டில் வீடு. கடல் முந்நூறு மீட்டர் தள்ளி. மாடி அறையின் சுவரை ஒட்டி 30க்கு 24 அடியில் ஷெட் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் போட்ட ஜி.ஐ. தகரம் விளிம்பெல்லாம் அப்பளம் மாதிரி உதிர்கிறது. கடைக்காரர் கால்வல்யூம் போடச் சொல்கிறார், ஜி.ஐ.யைவிட நாலு மடங்கு உழைக்குமாம். பக்கத்து வீட்டில் கலர் ஷீட் என்கிறார்கள். கொத்தனாருக்கு ஆஸ்பெஸ்டாஸைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அண்ணாச்சி யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

10 ஜூன் 2024

கால்வல்யூம். அதுவும் மேலே கலர் பூசினது. தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், உப்புக் கிட்டங்கி கூரைகளே நூறு போட்டிருப்பேன். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.

12 ஜூன் 2024

மேலே எழுதினது கொஞ்சம் திமிராக இருக்கிறது என்று மகள் சொல்கிறாள். சரி, காரணத்தோடு சொல்கிறேன்.

ஜி.ஐ., அதாவது கால்வனைஸ் செய்த இரும்பு என்பது, இரும்புத் தகடைச் சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. துத்தநாகம் இரும்புக்காகத் தன்னைக் கொடுத்துக் கரையும். கீறல் விழுந்தாலும், வெட்டின விளிம்பிலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும். அதனால்தான் கரைந்து முடிந்த மறுநாளே துரு ஆரம்பிக்கிறது.

கால்வல்யூமும் இரும்புத் தகடுதான், ஆனால் அதன் பூச்சில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், மிச்சம் 1.6 சிலிக்கான். அமெரிக்காவின் பெத்லகேம் ஸ்டீல் 1972-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அலுமினியம் மேலே ஒரு மெல்லிய படலமாக நின்று உப்புக்காற்றைத் தடுக்கும், இடையில் ஓடும் துத்தநாகம் விளிம்பைப் பார்த்துக்கொள்ளும். சிலிக்கான் இல்லாவிட்டால் தொட்டிக்குள்ளேயே அலுமினியமும் இரும்பும் மூர்க்கமாகக் கலந்து பூச்சு நொறுங்கிப்போகும்.

நாலு மடங்கு என்பது விற்பவர் வாய்க்கணக்கு. தயாரிப்பாளர்களே இரண்டிலிருந்து நாலு என்றுதான் சொல்கிறார்கள், அதிலும் பெரிய எண்ணை மட்டும் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஆனால் பாருங்கள், ஜி.ஐ.யில் சதுர மீட்டருக்கு 275 கிராம் பூச்சு, கால்வல்யூமில் 150 கிராம்தான். பாதித் தடிமனை வைத்துக்கொண்டே இரண்டு மடங்கு உழைக்கிறது என்றால் சும்மாவா?

13 ஜூன் 2024

மேலே கடைசிப் பத்தி தப்பு. ராத்திரி ஒருவர் பின்னூட்டத்தில் பிடித்துவிட்டார். எடையைத் தடிமனாக நினைத்துவிட்டேன்.

துத்தநாகத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.14 கிராம். கால்வல்யூம் பூச்சின் அடர்த்தி சுமார் 3.7, கிட்டத்தட்ட பாதி. கிராம் கணக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தது. ஆக 275 கிராம் ஜி.ஐ. ஒரு பக்கத்துக்கு 19 மைக்ரான், 150 கிராம் கால்வல்யூம் ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான். இரண்டும் ஒரே தடிமன்தான். இருபத்திரண்டு வருட அனுபவம் ஒரு வகுத்தல் கணக்கில் சறுக்கிவிட்டது.

கணக்குப் போட்ட சூட்டில் இன்னொன்றும் பார்த்தேன். கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் ஜி.ஐ. தகரம் 275 கிராம் கிடையாது, 120 கிராம். ஒரு பக்கத்துக்கு எட்டு மைக்ரான் சொச்சம். ஐஎஸ்ஓ 9223 என்று ஒரு தரநிலை இருக்கிறது, காற்றின் அரிப்பைச் சி1 முதல் சி5 வரை, அதற்கும் மேலே சிஎக்ஸ் என்று பிரிக்கும். கடலோரம் சி5 என்று வைத்தால் முதல் வருடத்தில் துத்தநாகம் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை போகும். அதாவது தம்பி, உங்கள் தகரத்தின் பூச்சு முதல் இரண்டு வருடத்துக்குள் முடிந்திருக்கும். மீதி நாலு வருடம் வெறும் இரும்பு நின்றது. கடைக்காரரைத் திட்டாதீர்கள், தகரத்துக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

14 ஜூன் 2024

கால்வனைஸ் என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். இத்தாலிக்காரர் கால்வானி, செத்த தவளையின் காலை உலோகத்தால் தொட்டுத் துடிக்க வைத்தவர். தவளைக்கும் தகரத்துக்கும் அவ்வளவுதான் சொந்தம்.

1 ஜூலை 2024

கலர் ஷீட் பற்றி. கலர் என்றதும் உள்ளே கால்வல்யூம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். பெயிண்டுக்கு அடியில் ஜி.ஐ.யும் இருக்கலாம், கால்வல்யூமும் இருக்கலாம், அதுவும் 70 கிராம் பூச்சாக இருக்கலாம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். நல்ல ஷீட்டின் அடிப்பக்கம் கம்பெனி பேரும் பூச்சின் கிராமும் தடிமனும் வரிசையாக அச்சாகியிருக்கும். அச்சே இல்லாத ஷீட்டை விலை பார்த்து வாங்கினால் அப்புறம் யாரையும் குறை சொல்ல முடியாது.

தடிமனில் ஒரு விளையாட்டு உண்டு. '0.50' என்பார்கள், மில்லிமீட்டர் கணக்கு. அது எல்லாம் சேர்ந்த தடிமனா, இரும்பு மட்டுமா? இரு பக்கப் பூச்சு 0.04, பெயிண்ட் மேலும் கீழும் சேர்த்து 0.035 வரும், மிச்ச இரும்பு 0.42 சொச்சம்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, கேட்டால் சொல்வார்கள். 0.45 ஷீட்டை 0.50 என்று சொல்வதுதான் ஏமாற்று. மைக்ரோமீட்டர் இல்லையென்றால் தராசில் போடுங்கள். நாலடி அகலச் சுருளில் அடித்த 12 அடி ஷீட், மொத்தம் 0.50 என்றால் பதினைந்தரைக் கிலோவைத் தாண்ட வேண்டும். பதினாலில் முள் நின்றால் அது 0.45.

பெயிண்டில் சாதாரண பாலியெஸ்டர், சிலிக்கோன் கலந்த பாலியெஸ்டர், பிவிடிஎஃப் என்று ஏறுமுகம். பிவிடிஎஃப் நிறம் மங்காது, விலை கொஞ்சம் வலிக்கும். மாடி ஷெட்டுக்கு நடுவில் உள்ளது போதும். நான் பணம் போடச் சொல்வது அடிப்பக்கப் பெயிண்டுக்கு. கடலோரத்தில் மேல்பக்கத்தை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தில் ஒட்டின உப்பை யார் கழுவுவது?

20 ஜூலை 2024

தம்பி இப்போது எழுதுகிறார்: "அண்ணாச்சி, ஷெட்டுக்குக் கீழே ஆடு எட்டும் கோழியும் கட்டலாம் என்று அம்மா சொல்கிறார்கள்."

இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! கால்வல்யூமுக்கு ஆட்டு மூத்திரத்தின் ஆவி ஆகாது. அமோனியாவின் காரத்தன்மை அலுமினியத்தைத் தின்னும். கால்நடைக் கொட்டகைக்குப் போட்டால் உத்தரவாதம் கிடையாது என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே காரணத்தால்தான் ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் அதன்மேல் படக்கூடாது. கொத்தனார் சுவரோரம் கலவை பூசி, வழிந்ததைத் துடைக்காமல் போனால், அந்த இடம் கறுத்து அரிக்கும்.

ஜி.ஐ.க்கும் அமோனியா அமிர்தம் அல்ல. ஆனாலும் மூடின கொட்டகை என்றால் தடித்த பூச்சு ஜி.ஐ. பக்கம்தான் நான் போவேன். உங்களுடையது மூன்று பக்கம் திறந்த மாடி, கடல்காற்று பிய்த்துக்கொண்டு போகும். கோழி பரவாயில்லை. ஆட்டைக் கீழே கட்டச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறும் ஆடு வளர்ப்பது கூரையைவிடப் பெரிய பிரச்சினை.

3 ஆகஸ்ட் 2024

யாரிடமும் சொல்லாத ஒன்று. ஆட்டுப் பேச்சு வந்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

என் சொந்தப் பட்டறைக்கு முதலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஓரத்தில் மழைத்தண்ணீரை வாங்க ஜி.ஐ. தகரத்தில் கட்டர். பன்னிரண்டு வருடம் கட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் கூரையை மட்டும் கழற்றிவிட்டு வெறும் கால்வல்யூம் போட்டேன், பெயிண்ட் இல்லாதது. கட்டரும் பழசாச்சே என்று அதே மாதிரி ஜி.ஐ.யில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன்.

மூன்றாவது ஐப்பசியில் கட்டர் ஒழுகியது. ஏணி போட்டுப் பார்த்தால் விசித்திரம். கட்டர் முழுக்கத் துரு இல்லை. ஷீட்டின் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. ஆணி வைத்து அளந்து அடித்த மாதிரி எட்டு அங்குலத்துக்கு ஒன்று. இடையில் தகரம் இன்னும் பளபளப்பு.

கட்டர் விற்ற கடைக்குப் போய் நின்றேன். பூச்சே இல்லாத தகரத்தைத் தலையில் கட்டிவிட்டீர் என்று சத்தம். கடை வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். அவர் தகராறு வேண்டாம் என்று பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நானும் நியாயம் ஜெயித்த மிதப்பில் வந்தேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு ஷீட் தயாரிப்பாளர் கொடுத்த கையேட்டில் படித்தேன்: கால்வல்யூம், பெயிண்ட் ஷீட், கண்ணாடி மாதிரி தண்ணீரில் எதையும் கரைய விடாத கூரையிலிருந்து வரும் தண்ணீரை ஜி.ஐ. கட்டரில் விடாதீர்கள். ஜி.ஐ. கூரையில் விழும் மழை கொஞ்சம் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டுதான் இறங்கும். பசி அடங்கின தண்ணீர். ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் கூரையிலிருந்து வருவதில் சுண்ணாம்பு இருக்கும். கால்வல்யூமில் விழுவதோ வெறுங்கையோடு இறங்கி, சொட்டும் இடத்தில் கிடைத்த துத்தநாகத்தைத் தின்னும். அதிலும் மழையைவிடத் தினமும் விடியற்காலையில் சொட்டும் பனித்தண்ணீர் மோசம். கட்டரின் மேல் தப்பில்லை. கடைக்காரர் மேலும் இல்லை. நல்ல கூரைக்கு நல்ல கட்டரை ஜோடி சேர்த்ததுதான் தப்பு, சேர்த்தவன் நான்.

4 ஆகஸ்ட் 2024

அவரிடம் போய்ச் சொன்னீர்களா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போனேன். பணத்தையும் கொண்டுபோனேன். "அது கெடக்கட்டும் அண்ணாச்சி, நீங்க போட்ட சத்தத்துல அன்னிக்குக் கடையில இருந்த ரெண்டு பேரு ஓடிட்டாவ, அதுக்குக் கணக்கு எப்படிப் போடுவீய?" என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார்.

15 செப்டம்பர் 2024

மணப்பாட்டில் வேலை ஆரம்பம். தம்பி அனுப்பின படத்தில் ஷீட்டைக் கூரை மேல் வைத்தே கட்டிங் வீலால் வெட்டுகிறார்கள். தீப்பொறி அழகாகப் பறக்கிறது, தீபாவளி மாதிரி.

நிறுத்தச் சொல்லுங்கள். வீல் வெட்டும் சூட்டில் விளிம்பில் பூச்சும் பெயிண்டும் கருகும். பறக்கிற ஒவ்வொரு பொறியும் சூடான இரும்புத்தூள், அது பக்கத்து ஷீட்டின் பெயிண்டில் போய்ப் புதையும். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், புதுக்கூரை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி வரும். ஷீட் துருப்பிடித்துவிட்டது என்று எனக்குப் போன் வரும். தகரக் கத்திரியோ, தகரத்தைக் கடித்து வெட்டும் நிப்ளரோ போதும். முடிந்தால் அளவு கொடுத்து ஆலையிலேயே வெட்டி வாங்க வேண்டும். ஸ்க்ரூ துளை போட்ட தூளையும் அன்றன்றைக்குச் சாயங்காலமே மென்மையான துடைப்பத்தால் கூட்டித் தள்ள வேண்டும்.

ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஷீட் இருபது வருடம் நிற்கும், ஸ்க்ரூ தலை மூன்று வருடத்தில் அழுகி அதைச் சுற்றி ஷீட்டையும் கெடுக்கும். வாஷர் நல்ல ரப்பராக, நசுங்கி வெளியே பிதுங்காத அளவுக்கு இறுக்கினதாக இருக்கட்டும்.

22 அக்டோபர் 2024

மழை வந்துவிட்டது, மிச்ச ஷீட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் இப்போதே திறந்து காய வையுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் மாவட்டம் மூழ்கியது எல்லாருக்கும் தெரியும், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். என் பட்டறையில் முழங்கால் தண்ணீர். அறுபது ஜி.ஐ. ஷீட் அடுக்கியபடியே நாலு நாள் நனைந்து கிடந்தது. வீட்டைக் கழுவுவதா, ஷீட்டைப் பார்ப்பதா? பத்து நாள் கழித்துப் பிரித்தால் நடுவிலெல்லாம் வெள்ளைப் பொடி, கோலமாவு கொட்டின மாதிரி. வெளியே காற்றில் இருந்தால் துத்தநாகம் காற்றின் கரியமிலவாயுவைப் பிடித்து இறுகின படலமாகும். இரண்டு ஷீட்டுக்கு நடுவே தண்ணீர் நின்றால் காற்று கிடைக்காது, வெறும் பொடியாகப் பூத்துப் பூச்சைத் தின்றுகொண்டே போகும். கால்வல்யூமில் இதே சங்கதி கறுப்பாக வரும். பத்து ஷீட் தேறவில்லை.

கட்டை வைத்துத் தரையிலிருந்து உயர்த்தி, ஒரு பக்கம் சாய்வாக வைத்தால் போதும். சொல்வது சுலபம், அடுத்த ஐப்பசிக்கு நானே மறந்துவிடுவேன்.

18 நவம்பர் 2024

"பைப்புக்கு என்ன செய்வது?" என்று வேறொருவர். ஷெட்டின் ஷீட்டைப் பற்றி ஐந்து மாதமாகப் பேசுகிறோம், அதைத் தாங்குகிற எலும்பை யாரும் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வழி இருக்கிறது. கறுப்பு இரும்புப் பைப் வாங்கி ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயிண்ட். உள்நாட்டில் சரி. கடற்கரையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஏணி ஏறத் தெம்பிருந்தால் செய்யலாம்.

ஜி.ஐ. பைப் வாங்கி வெல்டு வைப்பது இரண்டாவது. எல்லாரும் செய்வது இதுதான். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், வெல்டிங் ஆர்க்கின் சூடோ பல ஆயிரம். வெல்டு படும் இடத்தில் பூச்சு வெள்ளைப் புகையாகப் பறந்துவிடும். துருப்பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூச்சு இல்லாத ஒரு சட்டம் கிடைக்கும். கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, துத்தநாகம் நிறைந்த பெயிண்டை இரண்டு கை அடித்தால்தான் உண்டு. வெள்ளிக் கலர் ஸ்ப்ரே பார்க்க அதே மாதிரி இருக்கும், அதில் பெரும்பாலும் அலுமினியத்தூள். டப்பாவைப் படியுங்கள். அந்தப் புகையை மூடின இடத்தில் சுவாசித்தால் சாயங்காலம் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று வெல்டர்கள் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் லிட்டர் கணக்கில் குடித்தேன், பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காற்று வருகிற இடத்தில் நின்று வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தை முழுக்கச் செய்து முடித்து அப்படியே துத்தநாகத் தொட்டியில் முக்குவது. பூச்சு ஷீட்டைப் போல இருபது மைக்ரான் இல்லை, அதைவிடப் பல மடங்கு தடிக்கும், வெல்டு மேலும் ஏறும். ஆனால் தொட்டி இருக்கும் ஊருக்கு லாரி வாடகை, தொட்டி நீளத்துக்குள் அடங்குகிற துண்டுகள், போல்ட் போட்டுச் சேர்ப்பது என்று வேலை கூடும். பைப்பின் இரண்டு முனையையும் மூடி வெல்டு வைத்து அனுப்பிவிடாதீர்கள். உள்ளே சிக்கின ஈரம் 450 டிகிரியில் ஆவியாகி வெடிக்கும். துளை விட்டுத்தான் அனுப்ப வேண்டும். உப்பளத்துப் பக்கம் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பத்தில் இரண்டு பேர் கேட்பார்கள்.

7 ஜனவரி 2025

மெக்னீசியம் கலந்த பூச்சு பற்றிக் கேட்டவருக்கு: துத்தநாகத்தில் கொஞ்சம் அலுமினியம், கொஞ்சம் மெக்னீசியம். ஐரோப்பாவின் மேக்னெலிஸில் 3.5 சதவீதம் அலுமினியம், 3 சதவீதம் மெக்னீசியம். ஜப்பானில் வேறு விகிதங்கள். வெட்டின விளிம்பின்மேல் தானே ஒரு படலம் படர்ந்து மூடிக்கொள்வதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். சோலார் தாங்கிகளில் நிறையப் பார்க்கிறேன். என் கையால் போட்டு ஆறு வருடம் பார்க்காததால் இதற்கு மேல் பேச மாட்டேன்.

9 ஏப்ரல் 2025

பாம்பன் புதுப்பாலம் திறந்த செய்தியைப் போட்டு, "இவ்வளவு பெரிய பாலத்துக்குக் கால்வல்யூமா போட்டார்கள்?" என்று கிண்டல். பழைய பாலம் 1914-லிருந்து நின்றது, பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஒரு முனையில் முடித்து மறுமுனையில் தொடங்கிக்கொண்டே இருந்தார்கள். புதியதில் இரும்புக்கு பாலிசிலாக்சேன் பெயிண்ட், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் துருவைச் சோதிக்க மண்டபத்தில் இடம் வைத்திருக்கிறது என்றால் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு கான்கிரீட் கம்பிக்கு எபாக்சிப் பிசின் பூசலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே: அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் தீவுகளை இணைக்கும் பாலத் தூண்களில் எபாக்சிக் கம்பி போட்டார்கள், சில வருடங்களிலேயே, 1986-ல், துரு தெரிந்துவிட்டது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு அதற்குள் நுழைந்து படலத்துக்கு அடியில் ஊர்ந்துகொண்டு போகும். பச்சை நிறத்தில் வரும் அந்த எபாக்சிக் கம்பியை லாரியிலிருந்து தரையில் உருட்டித் தள்ளுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்குக் கான்கிரீட்டைக் கெட்டியாகப் போட்டு, கம்பியை வெளிப்பக்கத்திலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கை ஒழுங்காக வையுங்கள். கட்டிட இன்ஜினியர்கள் சண்டைக்கு வரலாம், வாருங்கள்.

2 செப்டம்பர் 2025

தம்பியின் ஷெட்டுக்கு ஒரு வயதாகப் போகிறது. எட்டுப் படம் அனுப்பியிருக்கிறார். மேல்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது. இறவாரத்துக்கு அடியில், மழை எட்டாத ஓரத்தில் உப்புப் படிந்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை நல்ல தண்ணீர்க் குழாயை அடிப்பக்கமும் காட்டுங்கள். ஸ்க்ரூ எல்லாம் சுத்தம். கட்டர் பிவிசி, என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

ஆறாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மாடி அறை ஏசியின் தண்ணீர்க் குழாய் சுவரிலிருந்து நேரே ஷீட் மேல் சொட்டுகிறது. அந்த இடத்திலிருந்து கீழே ஒரு முழ நீளத்துக்குக் கோடாக நிறம் மாறியிருக்கிறது. ஏசிக்குள் செம்புக் குழாய் மேல் ஊறி வருகிற தண்ணீர் அது. செம்பின் துளி பட்டால் துத்தநாகமும் அலுமினியமும் தாங்காது. பெயிண்ட் இருக்கிற வரை பிழைக்கும், பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் இரண்டு மழைக்காலம்தான். முப்பது ரூபாய்க் குழாய் ஒன்று வாங்கிக் கட்டர் வரைக்கும் நீட்டிவிடுங்கள்.

3 செப்டம்பர் 2025

ஏழாவது படத்தில் படிக்கட்டில் நிற்பது ஆடுதானே?